ரிமோட் கேட்டால் துரத்தும் வால்வு காக்கா

சாய்ந்தமருதில் ஆரம்பித்து அட்டாளைச்சேனை வரைக்கும், ‘ரிமோட்’ என்ற ஒரு சொல்லைச் சொன்ன குற்றத்துக்காகக் கடையிலிருந்து துரத்தப்பட்ட ஆட்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால், வரிசையின் முன்பக்கம் கடலுக்குள் நிற்கும், பின்பக்கம் இறக்காமம் குளத்துக்குள் இறங்கிவிடும். இத்தனை பேரையும் துரத்தியவர் ஒரே ஒரு மனிதர். அவர்தான் எங்கள் வால்வு காக்கா; எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். மற்ற ஊர்களில் அமைச்சர்மார் இருக்கலாம், கோடீஸ்வரர்கள் இருக்கலாம். எங்கள் தெருவில் வால்வு காக்கா இருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்கு அது போதும்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் துணி விற்கும் பிடவைக்கடையில் உட்கார்ந்தவன். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சுவிட்சைப் போட்டால் வரும், மழை பெய்தால் போகும் என்பது மட்டுந்தான். ஆனால் என் கடையும் காக்காவின் கடையும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. வியாபாரம் இல்லாத நேரங்களில் அங்கே போய்க் குந்திக் குந்தியே கொஞ்சம் விஷயம் காதில் ஏறிவிட்டது. பழைய ரேடியோப் பெட்டிகளுக்குள் விரல் அளவில் கண்ணாடிக் குப்பிகள் நின்று செம்மஞ்சளாக எரியுமே, அதுதான் வால்வு. உலகம் அதைக் கைவிட்டு, எறும்புத் தலை அளவு சில்லுக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. காக்கா போகவில்லை. அந்தக் குப்பிகளை வைத்து அவர் இரண்டு பெட்டி செய்வார். ஒன்று, படித்தவர்கள் ‘ப்ரீஎம்ப்’ என்று சொல்லும் முன்பெட்டி. மற்றது பின்பெட்டி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டேன்.

“முன்பெட்டி மாப்பிள்ளைக்கு உடுப்பு உடுத்தி, அத்தர் பூசி விடும். பின்பெட்டி அவரத் தோளில தூக்கிட்டுத் தெருவால போகும். உடுப்பு ஊத்தையா இரிந்தா, எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினாலும் ஊத்த மாப்பிள்ளதான்.”

எனக்கு விளங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் இதையே நாலு வருஷம் படிப்பிப்பார்களாம்.

அந்த முன்பெட்டியின் முகத்தில்தான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் இருக்கும். காக்காவின் குமிழைப் பார்த்தால், தொடாமல் போக மனம் வராது. முதிரை மரத்தில் கடைந்து, தோடம்பழம் அளவில், உள்ளங்கைக்குள் வந்து உட்காரும். பெட்டியைப் போடும்போது அவர் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லித்தான் சுவிட்சைத் தட்டுவார். வால்வு உடனே பாடாது, சூடாக வேண்டும். அதற்கு மணிக்கூடு பார்க்க மாட்டார். விரலை மடக்கி, நூறு தடவை தஸ்பீஹ் ஓதுவார். நூறாவது ‘சுப்ஹானல்லாஹ்’ முடியவும் பெட்டிக்குள்ளிருந்து குரல் வரவும் சரியாக இருக்கும். ஒருநாள் தொண்ணூற்றெட்டிலேயே சத்தம் வந்துவிட்டது. காக்கா பெட்டியைக் கழற்றிவிட்டார். “இதுல எங்கயோ பிழ இரிக்கி,” என்றார். பார்த்தால், மெய்யாகவே ஒரு பிழை இருந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம் வந்து, “இதுக்கு ரிமோட் வருமா?” என்று கேட்டால் என்ன நடக்கும்?

கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். வாகனத்தை எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் விட முடியாமல் தூரத்தில் நிறுத்திவிட்டு, விசாரித்து விசாரித்து நடந்து வந்தவர். முன்பெட்டியைக் கேட்டுவிட்டு, மாஷா அல்லாஹ், கண்ணை மூடி அப்படியே இருந்துவிட்டார். பிறகு கண்ணைத் திறந்து, திறக்கக் கூடாத வாயையும் திறந்தார்.

“எல்லாம் சரி. ரிமோட் இருக்கா?”

கடையில் குந்தியிருந்த நானும் இன்னொருவரும் எழும்பி வாசலுக்கு வழி விட்டோம். பழக்கதோஷம்.

“சேர்ர கால் ரெண்டும் நல்லாத்தானே இரிக்கி?” என்றார் காக்கா.

“நல்லாத்தான் இருக்கு.”

“நோயாளிகளுக்கு என்ன சொல்ற நீங்க? ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடங்க எண்டுதானே?”

“ஓம்.”

“நடக்கச் சொல்ற அதே வாயால ரிமோட் கேக்கிறீங்களே சேர்! அந்தக் கதிரையில இரிங்க. இப்ப எழும்பி வந்து குமிழத் திருப்புங்க. திரும்பிப் போய் இரிங்க. இன்னொருக்கா.”

கொழும்பு டொக்டரை ஏழு தடவை எழுப்பி, ஏழு தடவை இருத்தினார். பிறகு, “என்ன கேட்டிச்சு?” என்றார்.

“சத்தம் கூடினது நல்லாக் கேட்டது.”

“இல்ல சேர். எனக்கு உங்கட முழங்கால்தான் கேட்டிச்சு. நல்ல வைத்தியராப் பாத்துக் காட்டுங்க.”

டொக்டர் சிரித்துக்கொண்டே போனார். ஒரு மாதம் கழித்து ரிமோட் இல்லாத முன்பெட்டியையே வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு எங்கள் தெருவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. பெட்டி செய்தவர் அவர், நடையென்னவோ எங்களுடையது.

இறக்காமத்திலிருந்து ஒரு போடியார், பெரிய வயல்காரர், வந்த கதை வேறு. அவருக்கு வயல் காவலுக்குச் சத்தம் வேண்டும். வேளாண்மைக்குள் ஆனை இறங்கினால் பரணில் இருந்தபடியே பெட்டியை அலற விட வேண்டும்.

“இதுக்கெண்டாலும் ரிமோட் வேணும் காக்கா. ஆனைக்கு முன்னால இறங்கிப் போய்க் குமிழத் திருப்பேலுமா?”

காக்கா கொஞ்சம் யோசித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ரிமோட்டுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டதோ என்று நான் பயந்தேன்.

“சரி போடியார். ஆனை வருது. நீங்க சுவிட்சத் தட்டுறீங்க. வால்வு சூடாக நூறு தஸ்பீஹ் ஓதணும். அது மட்டும் ஆனையோட ஆரு கதைச்சிட்டு இரிக்கிற?”

காக்கா கடைக்குப் பின்னால் போய் இரண்டு பழைய எண்ணெய்த் தகரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். “இதத் தட்டுங்க. இது சூடாகத் தேவல்ல,” என்றார். அந்தத் தகரத்துக்குப் பயந்து ஆனைகள் அந்தப் போகம் முழுக்க அந்தப் பக்கம் வரவில்லை என்று போடியார் பிறகு வந்து சொன்னார். அதையும் காக்காவின் சாதனைக் கணக்கில்தான் நாங்கள் சேர்த்திருக்கிறோம்.

ரிமோட்டின் மீது அவருக்கு ஏன் இவ்வளவு கோபம்? காரணம் இரண்டு. ஒன்று தொழில் சம்பந்தமானது. மலிவுப் பெட்டிகளில் ரிமோட்டுக்காக ஒரு சில்லை வைப்பார்களாம். சத்தம் முழுக்க அதற்குள்ளே நுழைந்துதான் வர வேண்டுமாம். “ஓதுறவர்ர வாய்க்கும் நம்மட காதுக்கும் நடுவுல ஒரு கள்ளன இருத்தி வெச்ச மாதிரி. கொஞ்சம் எடுத்திட்டுத்தான் மிச்சத்த விடுவான்,” என்பார்.

மற்றக் காரணம்தான் பெரிது. எங்கள் ஊர்களில் பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கேட்டால், எந்த வீட்டிலும் பாட்டோ பேச்சோ ஓதலோ, எது போய்க்கொண்டிருந்தாலும் அந்த நிமிஷமே குறைந்துவிடும். பெண்கள் கை தானாக முக்காட்டுக்குப் போகும். இது யாரும் சொல்லிக் கொடுத்துப் பழகியதில்லை. ஒரு பள்ளி முடிக்க அடுத்த பள்ளி தொடங்கும், ஆகவே கடைசிப் பள்ளி முடியும் மட்டும் பெட்டி பேசாது. இதில்தான் காக்கா பிடித்துக்கொள்வார்.

“இஞ்ச பாரு. பாங்கு கேட்டாச் சத்தத்தக் குறைக்கணும். குறைக்க எழும்பணும். எழும்பின மனிசன் நிக்கிறான். நிக்கிறவன்ட கண்ணுல செருப்புப் படும். செருப்பப் பாத்தவன் பள்ளிக்குப் போவான். ரிமோட்டுக்காரன் என்ன செய்வான்? பெருவிரலால பாங்குக்கு மரியாத குடுத்திட்டுக் கதிரையில ஒட்டிட்டு இரிப்பான். நான் செஞ்ச பெட்டியால ஒரு மனிசன் ஜமாஅத்துத் தொழுகையத் தவற விடப்படாது.”

மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் குமிழைத் திருப்ப எழும்பி, அப்படியே பள்ளிக்குப் போன நாட்கள் என் வாழ்க்கையில் நிறைய.

கட்டாரிலிருந்து வந்த எங்கள் தெருப் பெடியன் ஒருவன் பளபளவென்று ஒரு பெட்டி கொண்டுவந்தான். அதில் குமிழே கிடையாது, எல்லாம் ரிமோட். ஒரு வெள்ளிக்கிழமை ரிமோட் தொலைந்துவிட்டது. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்கிறது, பெட்டி ஆடிப் பாடுகிறது. வீட்டார் தலையணையை உதறுகிறார்கள், மெத்தையைப் புரட்டுகிறார்கள். கடைசியில் வீட்டு மெயின் சுவிட்சையே இழுத்துவிட்டார்கள். ரிமோட் பிறகு அரிசி வாளிக்குள் இருந்து வந்தது. கதையைக் கேட்ட காக்கா, மகனுக்கு அரச உத்தியோகம் கிடைத்தவர் போலத் தெருத் தெருவாகப் போய்ச் சொன்னார். “குமிழ் தொலைஞ்ச ஊடு ஒண்டக் காட்டுங்க பாப்பம்!”

இந்த மனிதரிடம்தான் நான் ரிமோட் கேட்க வேண்டி வந்தது.

எங்கள் வீட்டுப் பெட்டி, வாப்பா உயிரோடிருந்த காலத்தில் காக்காவிடம் செய்வித்தது. வாப்பாவுக்குப் பிறகு அது உம்மாவின் பெட்டியாகிவிட்டது. உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்த பின், அவவின் உலகம் யன்னலோரக் கதிரையும் அந்தப் பெட்டியும்தான். பகலில் குர்ஆன் ஓதும் கிறாஅத் கேட்பா. பின்னேரத்தில், இளமையில் கல்யாண வீடுகளில் கேட்ட, வட்டமாக நின்று கம்படித்துப் பாடும் களிகம்புப் பாட்டுக் கேட்பா. கடற்காற்று தின்று தின்று முன்பெட்டி கொறகொறவென்று இருமத் தொடங்கியது. புதிதாக ஒன்று எடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நாள் வந்தது.

என் மனைவி ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தாள். பிள்ளைகள் வகுப்பில், நான் கடையில். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லியிருக்கிறது. பெட்டியில் களிகம்பு. உம்மாவுக்கும் பெட்டிக்கும் இடையில் ஆறு அடி. அந்த ஆறு அடியை உம்மாவால் தாண்ட ஏலாது. ஒரு பள்ளி, இரண்டாம் பள்ளி, மூன்றாம் பள்ளி என்று எல்லாப் பாங்குக்கும் மேலால் பாட்டுப் போயிருக்கிறது. மனைவி திரும்பி வந்தபோது உம்மா அழுதுகொண்டிருந்தா.

“அல்லாஹ் கூப்பிடுறான். நான் கம்படிப் பாட்டுக் கேட்டுட்டு இரிக்கேன் புள்ள.”

அடுத்த நாள் பெட்டியைப் போட விடவில்லை. “எனக்கு இனி வேணாம். பொத்தி வைங்க,” என்று சொல்லிவிட்டா. நான் என் கடையிலிருந்தே ஒரு துண்டுத் துணி கொண்டுவந்து பெட்டியைப் பொத்தினேன். வீட்டில் ஐந்து பேர் இருந்தும் ஓர் ஆள் குறைந்த மாதிரி இருந்தது.

கல்முனையில் ஒரு கடையிலிருந்து ரிமோட் உள்ள சின்னப் பெட்டி ஒன்றை, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கொண்டுவந்தேன். உம்மா ஒரு நிமிஷம் கேட்டா. “ஆர் மனே ஓதுற? இவருக்கென்ன தடிமனா, மூக்கு அடச்சிரிக்கி?” அவ்வளவுதான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆகவே வேண்டியது இதுதான்: காக்காவின் வால்வு முன்பெட்டி, ஆனால் ரிமோட்டோடு. அப்படி ஒன்று இந்த உலகத்தில் இல்லை. அது கிடைக்காவிட்டால் உம்மா இனி ஒன்றும் கேட்கப் போவதுமில்லை.

அஸர் தொழுதுவிட்டு, துஆவும் கேட்டுவிட்டுத்தான் காக்காவின் கடைக்குப் போனேன்.

“என்ன பிடவைக்கடை, முகம் கசங்கிக் கிடக்கு?”

“உம்மாக்கு ஒரு முன்பெட்டி வேணும் காக்கா.”

“ராத்தாக்கு இல்லாததா? செய்வம்.” ராத்தா என்றால் அக்கா; உம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

“அதுல... தூரத்தில இரிந்து... சத்தத்த...”

ஈயம் ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “தூரத்தில இரிந்து என்ன? அந்தச் சொல்லச் சொல்லு பாப்பம்.”

“ரிமோட்.”

வாசலில் நின்ற ஒருவர் எனக்கு வழி விட்டார். ஆனால் காக்கா சத்தம் போடவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“ராத்தாவ விட்டா ஊட்டுல எத்தின பேர்?”

“நாலு பேர்.”

“எத்தின கால்?”

“எட்டு.”

“எட்டுக் காலுக்குள்ள உம்மாக்காக எழும்ப ஒரு கால் இல்லையாடா?”

துரத்தியிருந்தால் பரவாயில்லை. இது நெஞ்சுக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம், லுஹருக்குக் கொஞ்சம் முன்னால், ஸலாம் சொல்லிக்கொண்டு காக்கா எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் ஒரு பை. “மிசினப் பாக்க வந்தன் ராத்தா,” என்று சொல்லிக்கொண்டே துணியை எடுத்தார். உம்மா வேண்டாம் என்று சொல்வதற்குள் பிஸ்மில்லாஹ் சொல்லித் தட்டிவிட்டார். விரல் மடக்கி நூறு. கிறாஅத் வந்தது. கொறகொறப்போடுதான், ஆனாலும் உம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

பாங்கு தொடங்கியது. நான் எழும்பினேன். காக்கா என் சாரனைப் பிடித்து இழுத்து, “இரி,” என்றார். மனைவி மீன் அரிந்த கையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “நில்லு புள்ள,” என்றார். இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

உம்மாவின் இடது கை பெட்டியை நோக்கி எழும்பியது. எட்டாது என்று அதற்கும் தெரியும். பிறகு முக்காட்டுக்குத் திரும்பியது. மறுபடி பெட்டியைப் பார்த்தது. அந்த ஒரே கை, இரண்டு மரியாதைக்கும் நடுவில், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் நின்றது. காக்கா பாய்ந்து போய்க் குமிழைத் திருப்பினார்.

கடைசிப் பள்ளியும் முடிந்த பிறகு கேட்டார்: “ஊட்டுல ஆள் இரிக்கி. ரெண்டு பேரும் ஓடித்தான் வந்தாங்க. பிறகேன் ராத்தா மிசினப் பொத்தி வெச்சீங்க?”

உம்மாவுக்குப் பேச்சுக் கொஞ்சம் இழுபடும். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா.

“தொழுகைக்கு ஒழு எடுக்கத் தண்ணி ஊத்துறது மருமகள். தொழுற உடுப்புப் போட்டு விடுறதும் அவதான். கிப்லாப் பக்கமாக் கதிரையத் திருப்புறது மகன். அல்லாஹ் அவங்களுக்கு நன்மையக் குடுக்கட்டும், ஒரு குறையும் இல்ல தம்பி. ஆனாப் பாங்கு சொல்லக்குள்ள நானா ஒண்டு செய்யணும். இது ஒண்டாவது நானாச் செய்யணும்.”

காக்கா எழும்பிக் கதிரையைச் சாண் போட்டு அளந்தார். கதிரைக்கும் பெட்டிக்கும் இடையிலான தூரத்தை அடி வைத்து அளந்தார். தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

பிறகு பல நாள் கடைக் கதவு பாதிதான் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தவர்களை எல்லாம் துரத்தினார். ரிமோட் என்ற சொல்லைச் சொல்லாதவர்களையும் துரத்தினார். உள்ளே அவர் செய்தது இதுதான்: சில்லு வைக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே சத்தத்தில் கை வைக்காமல், குமிழில் கை வைத்தார். உடைந்த கசட் ரெக்கோடர் ஒன்றின் சின்ன மோட்டரும் விளையாட்டுக் கார் ஒன்றின் பல்லுச் சக்கரங்களும் புது முன்பெட்டிக்குள் போயின. கதிரையிலிருந்து பொத்தானை அமர்த்தினால் மோட்டர் சுற்றும், முதிரைக் குமிழ் தானாகத் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவர் வந்து திருப்புகிற மாதிரி. பிறகு விசாரித்தால், வெளிநாட்டில் விலை கூடிய முன்பெட்டிகளிலும் இப்படித்தான் மோட்டர் வைக்கிறார்களாம். அவர்களிடம் தொழிற்சாலை இருக்கிறது. எங்கள் காக்கா, மேசையும் சோல்டர் கோலும் வைத்துச் செய்தார்.

“இது ரிமோட் இல்ல,” என்று கொண்டுவந்த அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “ரிமோட் தொலையும். இது கதிரையோட வயர் போட்டுப் பூட்டினது. இதுக்குப் பேர் ராத்தாட நீளக் கை.”

ஒரேயடியாகச் சரிவந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். கை முக்காட்டுக்கு வேண்டும் என்பதை நினைத்து நினைத்து, பொத்தானை உம்மாவின் இடது காலடியில் பூட்டியிருந்தார். பெருமையாகச் சிரித்தபடி, “அமர்த்துங்க ராத்தா,” என்றார்.

உம்மா பொத்தானைப் பார்த்தா. பெட்டியைப் பார்த்தா. அதில் கிறாஅத் போய்க்கொண்டிருந்தது. “ஓதுறத நான் காலால மிதிக்கிறதா தம்பி?”

காக்கா தன் நெற்றியில் அடித்த அடி அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். “அஸ்தஃபிருல்லாஹ்! மோட்டரப் பாத்த அளவுக்கு மார்க்கத்தப் பாக்கல்லையே நான்!”

உடனே உட்கார்ந்து கழற்றி, பொத்தானைக் கதிரையின் இடது கைப்பிடிக்கு, முழங்கை படுகிற இடத்துக்கு மாற்றினார். முழங்கையை அமர்த்தினால் சத்தம் குறையும், அதே நேரம் விரல்கள் முக்காட்டைப் பிடிக்கலாம். அளவு கச்சிதம். நேரமோ அஸருக்குக் கிட்ட. உம்மா கொஞ்சம் துணிவு வந்து, “பின்னேரமாகிட்டு, களிகம்பப் போடுங்க,” என்றா.

பாங்கு தொடங்கியது. உம்மா முழங்கையை அமர்த்தினா. குமிழ் திரும்பியது. திரும்பியது மற்றப் பக்கம்.

காக்கா எப்போதும் பெட்டியின் பின்பக்கத்திலிருந்தே வேலை செய்பவர். அங்கிருந்து பார்த்தால் அவருக்கு வலது இடதாக இருக்கும். அவசரத்தில் மாற்றும்போது இரண்டு வயரும் இடம் மாறிவிட்டன. களிகம்புக்காரர்கள் பன்னிரண்டு பேரும் வீட்டுக்குள் வந்து அடிப்பது போல ஒரு சத்தம். கோப்பைகள் நடுங்கின. மதிலுக்கு மேலால் தலைகள் முளைத்தன. காக்கா பாய்ந்து பிளக்கை இழுத்தார். அங்கேதான் அடுத்த சோதனை. வால்வுப் பெட்டி கரண்ட் போன உடனே அடங்காது, உள்ளே மிச்சமிருக்கிறதில் இன்னும் கொஞ்ச நேரம் பாடும். பிளக் கையில், பாட்டுக் காற்றில், பாங்கு ஊரில். காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, கதிரை மெத்தையை எடுத்து ஸ்பீக்கரின் வாயில் பொத்தி, பேத்தியை அணைப்பது போல இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “வாய மூடு, வாய மூடு, அல்லாக்காக வாய மூடு!” என்று ஸ்பீக்கரிடம் கெஞ்சினார். அவர் செய்த பெட்டியல்லவா, அடங்குவேனா என்றது. கடைசிக் கம்பு ஒன்று டொக் என்று தட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பாங்கு முடியும் மட்டும் யாரும் அசையவில்லை. காக்கா ஸ்பீக்கரை விடவில்லை. வியர்வை ஒழுகிற முகத்தோடு உம்மாவைப் பார்த்தார். “என்ட பிழ ராத்தா. உங்கட பேரில எழுதமாட்டான், என்ட பேரிலதான் எழுதுவான். என்னப் பொறுத்துக்கங்க.”

உம்மாவின் உதடு நடுங்கியது. அழப்போகிறா என்று நினைத்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு தோள் குலுங்கியது. நோய் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் உம்மா சிரித்தா. “தம்பி, மெத்தைய விடுங்க, அது மூச்சு முட்டிச் செத்திட்டு,” என்றா.

வயரை மாற்றிப் பூட்ட இரண்டு நிமிஷம்தான் பிடித்தது.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது நான் எழும்பவில்லை, மனைவி ஓடி வரவில்லை. உம்மாவின் முழங்கை அமர்ந்தது, விரல்கள் முக்காட்டை நெற்றி மட்டும் இழுத்தன. யாருமே தொடாமல், முதிரைக் குமிழ் மெதுவாகத் திரும்பித் திரும்பிப் போய் நின்றது. பாங்குக்கு உம்மா ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னா. காக்கா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.

வால்வு முன்பெட்டி எடுக்கப்போகிறேன், ரிமோட் அவசியமா என்று இப்போது என்னிடமும் சிலர் கேட்கிறார்கள். பெட்டியைப் பார்க்க முன்னம், கதிரையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த பதில் அதுதான். காக்காவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். விஷயம் கேள்விப்பட்டுக் கொழும்பு டொக்டர் போன் எடுத்து, அதே மாதிரி மோட்டர் தனக்கும் வேண்டும் என்றார். “சேர்ர முழங்கால் இப்ப எப்பிடி?” என்று காக்கா கேட்டார். “நடந்து நடந்து நல்ல சுகம்,” என்றார் டொக்டர். “அப்ப வைங்க போன,” என்று சொல்லிவிட்டார்.

நீளக் கையைப் பூட்டிய அன்று, மஃரிப் தொழுதுவிட்டுத் தன் சாமான்களை எடுக்கக் காக்கா திரும்பி வந்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸலாம் சொன்னபோது உம்மா கூப்பிட்டா.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்குச் சரியான பேர் என்ன?”

“பேரா? வால்வு எண்டுதான் ராத்தா எல்லாரும்...”

“அது தெருவுக்கு. அல்லாஹ்ட்டக் கையேந்தக்குள்ள வால்வு எண்டா சொல்ற?”

டொக்டரை ஏழு தடவை எழுப்பி இருத்திய மனிதர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, உம்மாவின் காதோடு சொன்னார்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது உம்மாவிடம் கொடுத்தது. ஐந்து நேரமும் தொழுகை முடிய உம்மா தன் ஒரு கையை ஏந்துகிறா. முதலில் வாப்பாவின் பேர், பிறகு அந்தப் பேர், அதற்குப் பிறகுதான் என் பேர் வருகிறது. பெற்ற பிள்ளை நான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.